மத்தியான மாத்திரை: பெருங்குடல் புண்ணுக்கு மருந்தை விடாமல் போட எந்த வழி தோது?

அலுவலகத்தை இரண்டாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்கு மாற்றிய அன்றுதான் என் மேசை டிராயரை முழுக்கக் காலி செய்தேன். பழைய பில் கட்டுகளுக்கும் பட்டன் சாம்பிள் கவர்களுக்கும் அடியில் மாத்திரை அட்டைகள் கிடந்தன. எடுத்து மேசைமேல் அடுக்கினேன். பிரிக்காத அட்டை 9. உடைத்த அட்டை ஒன்றில் 4. ஆக 94 மாத்திரை. எல்லாமே பெருங்குடல் புண்ணுக்கான மெசலமின் 800 மில்லிகிராம், எல்லாமே மத்தியான வேளைக்கென்று நானே கொண்டுவந்து வைத்தவை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. டிராயரில் மருந்து வைக்க ஆரம்பித்து 5 மாதம், அதாவது 150 நாள். நாளுக்கு மூன்று வேளை என்றால் 450 மாத்திரை. அதில் 94 உள்ளே போகவே இல்லை. போட்டது 79 சதவீதம். ராத்திரி வேளையைக் கல்யாணத்திலும் ஊர்ப் பயணத்திலும் விட்டதை இதில் சேர்க்கவில்லை. மாதம் பிறந்தால் மூன்று அட்டையைப் பையில் எடுத்துப்போய் டிராயரில் போடுவது மட்டும் ஒரு மாதமும் தப்பவில்லை. போட்டதோடு கடமை முடிந்தது என்று மனது நினைத்துக்கொண்டது போல.

அதற்கு நாலு நாள் முன்னால்தான் டாக்டரிடம் போயிருந்தேன். மூன்று வருஷமாக அடங்கிக் கிடந்த அல்சரேட்டிவ் கொலைடிஸ், அதாவது பெருங்குடல் புண், மறுபடி தலைதூக்கியிருந்தது. காலையில் மூன்று நான்கு முறை, சளியோடு ரத்தம், போய் வந்த கால் மணியில் மறுபடி முட்டும். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்றார். "போடறேன் சார்" என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் சொன்னேன். அவர் அளவை 4.8 கிராமாகக் கூட்டி, ராத்திரிக்கு எனிமாவும் எழுதி, "ரெண்டு வாரத்துல கேக்கலைன்னா ஸ்டீராய்டுதான்" என்று அனுப்பினார்.

94 மாத்திரையையும் பையில் போட்டுக்கொண்டு மறுபடி போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அட்டைகளைப் பார்த்துவிட்டு, "மத்தியானந்தானே தப்புது? அப்ப இது அடங்கினதும் மத்தியானத்தையே எடுத்துடலாம்" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. மருந்து தப்புகிறது என்றதும் மறதிக்கு வைத்தியம் தேடுகிறோம்: அலாரம், டப்பா, ஆப். முதலில் பார்க்க வேண்டியது எந்த இடத்தில் தப்புகிறது என்பதை. வேளையிலா, வடிவத்திலா, காசிலா, நம்பிக்கையிலா? இடத்துக்குத் தகுந்தபடி வழி மாறும். பதினோரு வருஷமாக இந்த நோயோடு இருப்பவன் என்ற முறையில், நான் பார்த்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். எதையும் டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். கேட்கப் போகும்போது எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது உதவும்.

79 சதவீதம் பாஸா, ஃபெயிலா?

அமெரிக்காவில் சுனந்தா கேன் என்ற குடல் மருத்துவரின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மெசலமினில் நோய் அடங்கியிருந்த 99 பேரை இரண்டு வருஷம் கவனித்தார்கள். எழுதிக்கொடுத்த மருந்தில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கடையில் வாங்கியவர்கள் ஒரு பக்கம், குறைத்து வாங்கியவர்கள் மறுபக்கம். முதல் பக்கத்தில் 89 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியே இருந்தது. மறுபக்கத்தில் 39 சதவீதம் பேருக்குத்தான். நோய் திரும்பும் ஆபத்து 5 மடங்குக்கும் மேல்.

80 என்பது மந்திரக் கோடு ஒன்றும் இல்லை. 79-க்கும் 81-க்கும் நடுவில் குடல் கேட் போட்டு நிற்பதில்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். மூன்று வேளையில் மத்தியானத்தை மட்டும் தினமும் விடுகிறவர் தன்னை மருந்து போடாதவர் என்று நினைக்கவே மாட்டார். காலையும் ராத்திரியும் போடுகிறாரே! அவர் போடுவது 67 சதவீதம். 2.4 கிராம் என்று எழுதியது 1.6 ஆகிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. அந்த ஆய்வு அளந்தது கடையில் வாங்கியதை. நான் ஒரு மாதமும் வாங்கத் தவறியதில்லை. அந்த 99 பேரில் நானும் இருந்திருந்தால் நல்ல பிள்ளைகள் பட்டியலில்தான் இருந்திருப்பேன், டிராயர் நிறைய மாத்திரையோடு.

மூன்று வேளையா, ஒரே வேளையா?

மெசலமினை அப்படியே விழுங்கினால் சிறுகுடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், புண் இருக்கும் பெருங்குடலுக்குப் போய்ச் சேராது. அதனால்தான் மேலே பூச்சு. சில மாத்திரைகளின் பூச்சு, சிறுகுடலின் கடைசியில் காரத்தன்மை கூடும் இடத்தில்தான் கரையும். வேறு சில, சின்னச் சின்ன மணிகளாக வழிநெடுக மெதுவாக மருந்தை விட்டுக்கொண்டே போகும். மாத்திரையை உடைத்தோ பொடித்தோ போடக் கூடாது என்பதும் இதனால்தான். உடைத்தால் பூச்சு போச்சு, மருந்தும் வழியிலேயே போச்சு.

மருந்து வேலை செய்வது குடல் சுவரில் பட்டுத்தான், ரத்தத்தில் ஏறி அல்ல. பெருங்குடலைக் கடக்க ஒரு நாளோ அதற்கு மேலோகூட ஆகும். அப்படியிருக்க மூன்றாகப் பிரித்துத்தான் போட வேண்டுமா என்று பலர் சோதித்துப் பார்த்தார்கள். 362 பேரை வைத்து நடந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு 2009-ல் வந்தது. நாளுக்கு 2 கிராமை ஒரே வேளையாகப் போட்டவர்களில் ஒரு வருஷ முடிவில் 70.9 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. காலை 1 கிராம், இரவு 1 கிராம் என்று போட்டவர்களில் 58.9. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் ஒரே வேளை எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்றுதான் சொல்கிறார்கள்.

அப்படியென்றால் மூன்று வேளைக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமே இல்லையா? ஒன்று இருக்கிறது. ஒரே வேளையில், அந்த வேளை தப்பினால் அன்றைய நாளே தப்பியது. மூன்றில் ஒன்று தப்பினால் மூன்றில் ஒரு பங்குதான் நஷ்டம். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பி, வாரத்தில் இரண்டு நாள் டீ மட்டும் குடித்துவிட்டு ஓடுகிறவருக்கு "காலையில் எல்லாம் சேர்த்து" என்பது ஆகாது. அவர் ராத்திரியை எடுத்துக்கொள்ளலாம். எந்த வேளை என்பதைவிட, ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியன்றும்கூட மாறாத வேளையா என்பதுதான் பார்க்க வேண்டியது. எனக்கு அப்படி மாறாமல் இருப்பது பல் தேய்ப்பது ஒன்றுதான். சாப்பாட்டு நேரம் ஷிப்மென்ட் நாளில் எங்கேயோ போய்விடும். பல் தேய்க்காமல் எந்த ஷிப்மென்ட்டுக்கும் போனதில்லை. அதனால் மாத்திரை டப்பா இப்போது பிரஷ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். ஈரம் படாமல் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தேய்த்து முடித்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே சாப்பாட்டு மேசைக்கு.

என் தீர்ப்பு: நோய் அடங்கியிருக்கும் காலத்தில், டாக்டர் சம்மதித்தால், ஒரே வேளை. 1.2 கிராம் மாத்திரை இரண்டு. அளவில் பெரியதுதான், முதல் வாரம் தொண்டையில் நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

பழகாதவர்களுக்குப் பாக்கெட்டில் மணிமணியாக வருவது இருக்கிறது. நாக்கில் கொட்டி, மெல்லாமல் தண்ணீரோடு விழுங்க வேண்டும். சட்டைப் பையில் ஒன்று போட்டுக்கொண்டால் பயணத்துக்குச் சுலபம். சின்ன ஊர்க் கடைகளில் எப்போதும் கிடைக்காது, அதுதான் குறை. இதில் ஒரு எச்சரிக்கை: மலத்தில் வெள்ளை வெள்ளையாக மணிக் கூடுகள் தெரியலாம். மருந்து அப்படியே வெளியே வருகிறது என்று பயந்து நிறுத்தியவரை எனக்குத் தெரியும். அது மருந்து இறங்கிப்போன வெறும் கூடு. முழு மாத்திரையே உருக்குலையாமல் வந்தால்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

யாரும் பேசாத வழி

மருந்தைப் பின்பக்கமாக வைத்துக்கொள்வது பற்றி நம் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. காத்திருப்பு அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் எத்தனை முறை போகிறார் என்பதுவரை சொல்லிவிடுவார், எனிமா என்றதும் பேச்சு மாறிவிடும். மருந்துக் கடையில் சப்போசிட்டரி (ஆசனவாயில் வைக்கும் மாத்திரை) கேட்பதற்குள் பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்க்கிறோம்.

ஆனால் இந்த நோய் பெரும்பாலும் ஆசனவாய்க்குப் பக்கத்தில் தொடங்கி மேலே ஏறுவது. புண் மலக்குடலோடு நிற்கிறவர்களுக்கு வாய்வழி மாத்திரையைவிட, ராத்திரி ஒரு சப்போசிட்டரி நன்றாகக் கேட்கும். அதற்கு மேலே இடது பக்கம் வரை பரவியிருந்தால் எனிமா. முழுப் பெருங்குடலும் புண்ணாக இருப்பவர்களுக்கும் இது வீண் இல்லை. 2005-ல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் 4 கிராம் மாத்திரை மட்டும் போட்டவர்களில் 8 வாரத்தில் நோய் அடங்கியது 43 சதவீதம் பேருக்கு. அதே மாத்திரையோடு முதல் நான்கு வாரம் 1 கிராம் எனிமாவும் வைத்தவர்களில் 64 சதவீதம்.

இவ்வளவு நல்ல மருந்துதான் எல்லாவற்றையும்விட அதிகம் கைவிடப்படுவது. ஏன் என்று சொல்ல ஆய்வு வேண்டாம், ஒரு ராத்திரி போதும். எங்கள் வீட்டில் கக்கூஸ் ஒன்று, ஆள் ஐந்து பேர். முதலில் போய் வந்துவிட வேண்டும். பிறகு பாட்டிலைக் கையில் வைத்துச் சூடேற்றி, நன்றாகக் குலுக்கி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது முழங்காலை மடக்கி, நுனியில் கொஞ்சம் வாசலின் தடவி, மெதுவாக அமுக்க வேண்டும். 60 மில்லிதான், ஆனால் வீங்கிப் புண்ணான குடலுக்கு அது ஒரு குடம். முதல் நான்கு ராத்திரி பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. மருந்து பட்டால் துணியில் பழுப்புக் கறை விழும், போகவே போகாது. என் மனைவி ஒரு பழைய போர்வையை நான்காக மடித்துப் போட்டு, அது எதற்கு என்று அம்மா கேட்டபோது, "அவுருக்கு இடுப்பு வலிங்க அத்தை" என்று சொல்லிச் சமாளித்தாள். ஐந்தாம் ராத்திரிதான் விடியும்வரை உள்ளே நின்றது.

எனிமாவையும் சப்போசிட்டரியையும் வைத்துப் பார்த்தால், வீட்டில் இடமும் நேரமும் இல்லாதவருக்கு சப்போசிட்டரி எவ்வளவோ சுலபம். தண்ணீரில் நனைத்து வைத்துவிட்டுப் படுத்துவிடலாம். சித்திரை வெயிலில் இளகிவிடும் என்பதால் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். ஆனால் அது மலக்குடலைத் தாண்டி எட்டாது. புண் எதுவரை என்பது கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் இருக்கும், அதை வைத்துத்தான் முடிவு. அப்புறம் ஒரு சமரசம்: நோய் அடங்கிய பிறகு தினமும் வைக்க வேண்டியதில்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும் என்று பல டாக்டர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். "தினமும் என்னால முடியாது சார், எத்தனை நாள் வச்சா போதும்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். தினமும் என்று எழுதி வாங்கி ஒரு நாளும் வைக்காமல் இருப்பதைவிட, வாரம் மூன்று நாள் என்று ஒத்துக்கொண்டு மூன்று நாளும் வைப்பது எத்தனையோ மேல்.

காசு தப்ப வைத்தால்

சிலருக்குத் தப்புவது மறதியில் இல்லை, மாதக் கடைசியில். இருபதாம் தேதிக்கு மேல் நாள் விட்டு நாள் போடுகிறவர்கள், மூன்றை இரண்டாக்கி இழுப்பவர்கள் நிறையப் பேர். இதை டாக்டரிடம் சொல்ல வெட்கம். சொன்னால்தான் அவரால் விலை குறைந்த மருந்தை யோசிக்க முடியும்.

சல்ஃபசலசின் அப்படி ஒன்று. ஸ்வீடன் மருத்துவர் நான்னா ஸ்வார்ட்ஸ் மூட்டு வாதத்துக்காக உருவாக்கியது. குடல் புண்ணுக்கும் கேட்கிறது என்று பிறகு தெரிந்தது. இரண்டு மருந்தை ஒரு கண்ணியால் கட்டி வைத்தது போன்ற மாத்திரை அது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாதான் கண்ணியை அறுக்கும். அறுந்து வரும் இரண்டில் எது வேலை செய்கிறது என்பதை 1977-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசாத் கான் என்ற வங்காள மருத்துவரும் ட்ரூலவ் என்பவரும் எனிமாவாகத் தனித்தனியே கொடுத்துக் கண்டுபிடித்தார்கள். வேலை செய்த பாதிதான் இன்றைய மெசலமின். மற்ற பாதி சல்ஃபா, தலைவலி, குமட்டல், ஒவ்வாமை எல்லாம் பெரும்பாலும் அதன் கைங்கரியம்.

அடங்கிய நோயை அடக்கியே வைப்பதில் பழையது புதியதற்குச் சளைத்ததல்ல, விலையோ குறைவு. மூட்டு வலியும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இன்னும் பொருத்தம். ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக் கூடாது. கூடவே ஃபோலிக் ஆசிட் போட வேண்டும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையும், நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடும். கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருப்பவர் இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், வெள்ளை வேட்டிக்காரர்கள் கவனம். நாளுக்கு இரண்டு வேளையாவது பிரித்துப் போட வேண்டும் என்பதுதான் என் மாதிரி ஆளுக்கு இதில் இடைஞ்சல். இருந்தாலும், 30 நாளும் வாங்க முடிகிற பழைய மாத்திரை, 20 நாள் மட்டும் வாங்க முடிகிற புது மாத்திரையைவிட நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடை விஷயமும் இங்கேயே. "அண்ணா, கம்பெனில இருந்தே சரக்கு வரலீங்க. வேற கம்பெனி மாத்திரை தரட்டுங்களா?" என்பார் கடைத் தம்பி. பூச்சு வேறு வகையாக இருக்கலாம், அதனால் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அட்டையில் பத்து நாள் மிச்சம் இருக்கும்போதே சொல்லி வைப்பது அதைவிட நல்லது.

அலாரமா, டப்பாவா, ஆளா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 53,480 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை செய்து 2017-ல் வெளியிட்டார்கள். இதய நோய், மனச்சோர்வு போன்றவற்றுக்கு நாள்பட்ட மருந்து போடுகிறவர்கள். அவர்களில் சிலருக்கு நாள் பிரித்த மாத்திரை டப்பா, சிலருக்கு பாட்டிலில் ஒட்டும் நாட்காட்டிப் பட்டை, சிலருக்கு எப்போது திறந்தோம் என்று காட்டும் டிஜிட்டல் மூடி. ஒன்றும் பெற்றுக்கொள்ளாதவர்களைவிட யாரும் மேலாக மருந்து போடவில்லை. சாமானை அனுப்பிவிட்டதால் மட்டும் ஆள் மாறிவிடமாட்டார்.

என் அனுபவமும் ஏறக்குறைய அதுதான். மத்தியானம் ஒன்றரைக்கு செல்போன் அலாரம் வைத்தேன். முதல் வாரம் எழுந்து போய்ப் போட்டேன். இரண்டாம் வாரம், எதிரே சரக்கு வாங்க வந்த பையர் உட்கார்ந்திருந்ததால் அமுக்கிவிட்டு அப்புறம் போடலாம் என்றேன். மூன்றாம் வாரம் கை தானாக அமுக்கியது. ஒரு மாதம் கழித்து, அலாரம் அடித்ததா என்பதே நினைவில் இல்லை.

ஏழு அறை டப்பாவுக்கு மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்வேன். அது ஞாபகப்படுத்தாது, ஆனால் காட்டிக்கொடுக்கும். புதன்கிழமை அறை வியாழக்கிழமையும் நிறைந்திருந்தால் பொய் சொல்ல வழியில்லை. டிராயரில் கிடந்த அட்டைகள் 5 மாதம் காட்டிக்கொடுக்காமல் இருந்தனவே!

ஆள் வைத்துக்கொள்வது? "ஏனுங்க, மாத்திரை போட்டாச்சுங்களா?" என்று மனைவி கேட்பது சில வீட்டில் மருந்து, சில வீட்டில் சண்டை. எங்கள் வீட்டில் இரண்டாவது. அதனால் அவள் கேட்பதில்லை. ஞாயிறன்று டப்பாவை நிரப்புவது மட்டும் அவள் பொறுப்பு, நிரப்பும்போது மிச்சம் இருந்தால் அவள் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

விட்டுப் பார்ப்பது

பட்டியலில் யாரும் எழுதாத, ஆனால் பாதிப் பேர் தேர்ந்தெடுக்கும் வழி இது. "நல்லாத்தான இருக்கற கண்ணு, இன்னும் எதுக்கு இத்தன மாத்தர?" என்று அம்மா கேட்பது அன்பினால். பொண்ணு பார்க்க வரும் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று அட்டையை ஒளித்து, ஒளித்ததை எடுக்க வழியில்லாமல் விட்டவர்கள் உண்டு. வேறு வைத்தியம் ஆரம்பித்து, இரண்டும் கலக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, இதை நிறுத்தியவர்கள் உண்டு. இவர்கள் யாருக்கும் மறதி இல்லை. அலாரம் இவர்களை ஒன்றும் செய்யாது.

விட்டால் மறுநாளே ஒன்றும் ஆகாது, அதுதான் இந்த நோயின் தந்திரம். ஒரு மாதம் நன்றாக இருக்கும், சிலருக்கு ஆறு மாதம்கூட. அதற்குள் மருந்தே தேவையில்லை என்று நம்பிவிடுகிறோம். பிறகு ரத்தம் வரும்போது, விட்டதற்கும் வந்ததற்கும் முடிச்சுப் போடத் தோன்றாது. போன வாரம் சாப்பிட்ட பரோட்டாதான் மாட்டிக்கொள்ளும்.

எழுதிய அளவு வேண்டாம் என்று தோன்றினால் அதற்கு நேர்வழி இருக்கிறது. மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெளியே நன்றாக இருந்து உள்ளே அழற்சி நடக்கிறதா என்று அது காட்டும். அதையும் ஸ்கோப் ரிப்போர்ட்டையும் வைத்து டாக்டரே அளவைக் குறைக்கலாம், குறைக்க முடியாது என்றும் சொல்லலாம். இரண்டு வழியிலும் மருந்து குறையலாம். ஆனால் ஒன்றில் அது டாக்டருக்குத் தெரியும்.

தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு நடக்க இருந்தது. மருந்து போட்டும் கேட்கவில்லை என்று அவர் நம்பினால் அடுத்த படிக்கு ஏறுவார்: ஸ்டீராய்டு, பிறகு நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அசத்தியோப்ரின், பிறகு ஊசி. டிராயரில் கிடந்த மருந்து தோற்றதாகக் கணக்கில் ஏறிவிடும். இன்னொன்று: பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்கித் தாமாகவே பத்து நாள் போட்டு அடக்குகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அது நெருப்பை அணைக்கும் தண்ணீர்தான், மறுபடி பற்றாமல் காப்பதற்கு உதவாது. அது எலும்பைத் தேய்ப்பதும் சர்க்கரையை ஏற்றுவதும் தனிக் கதை. ஏற்கெனவே வாரக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று விடவும் கூடாது, படிப்படியாகத்தான் இறங்க வேண்டும், அதுவும் டாக்டர் சொல்கிற கணக்கில்.

ஊசி போட்டால் தொல்லை விட்டதா?

எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றும் இன்ஃப்ளிக்சிமாப், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் அடலிமுமாப். தினம் மாத்திரை போட முடியாதவருக்கு இது சொர்க்கம் என்று தோன்றும். இவை நோயின் தீவிரத்துக்காக எழுதப்படுகிறவை, மறதிக்காக அல்ல. முதலில் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நம் நாட்டில் அது சும்மா செய்யும் சடங்கு இல்லை. 2014 டிசம்பரில் ஜைடஸ் காடிலா உலகிலேயே முதன்முறையாக அடலிமுமாபுக்கு ஒத்த மருந்தை இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு விலை இறங்கியது, ஆனாலும் மாத்திரை விலை இல்லை.

ஊசியில் வேளை தப்புவது குறைவு, தப்பினால் விலை பெரிது. டிரிப்பை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் உடம்பு அந்த மருந்துக்கே எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். மறுபடி ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம், மருந்தே கேட்காமலும் போகலாம். மெசலமினை விட்டவன் மறுபடி தொடங்கலாம். இங்கே அந்தக் கதவு சாத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு. காசு ஏற்பாடு ஒரு வருஷத்துக்காவது நிற்குமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுக் கவுண்டரில் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

அந்த 94 மாத்திரைக்கு வருகிறேன். எதிலும் காலாவதித் தேதி தாண்டவில்லை. கூட்டிய அளவு 4.8 கிராம், அதாவது நாளுக்கு 800 மில்லிகிராம் ஆறு. "இதையே போட்டுத் தீருங்க" என்றார் டாக்டர். பிரிக்காத ஒன்பது அட்டையும் சரியாக 15 நாளைக்கு வந்தது. பதினோராம் நாள் ரத்தம் நின்றிருந்தது. ஸ்டீராய்டு எழுதவில்லை. உடைத்த அட்டையின் நான்கும் நான்காம் மாடியில், புது மேசை டிராயரில் கிடக்கின்றன. பில் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.